மண்ணை நன்றாக அணைத்து விடவும்

சிங்கப்பூர்த் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறத் தோட்டத்தில், அண்ணாதுரையின் பாத்தி மண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தரையை விட்டுக் கிளம்பி நான்காம் மாடி உயரத்தில் போய் நின்றுகொண்டது. அன்று லிஃப்ட் பராமரிப்பு நாள். ஆகவே ஜனங்களின் பேச்செல்லாம் லிஃப்ட்டைப் பற்றியே இருந்தது. மளிகைப் பையோடு படியேறியவர்கள் நான்காம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோதுதான் மண்ணைக் கவனித்தார்கள். கவனித்துவிட்டு, மண்ணெல்லாம் மேலே வந்து நிற்கிறது, இங்கே ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லையே என்று சலித்துக்கொண்டு மேலே போனார்கள். மண் பாத்தியின் வடிவம் மாறாமல், ஒரு கட்டில் நீளமும் முழங்கால் கனமுமாக, அண்ணாதுரை வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் எட்டாது என்கிற தூரத்தில் அசையாமல் நின்றது. கீழே ஒரு பிடி கூட உதிரவில்லை. அந்த மட்டில் அது ஒழுங்கான மண்தான்.

அண்ணாதுரைக்குத் தோண்டத் தெரியும், வேறொன்றும் தெரியாது. குற்றமாகச் சொல்லவில்லை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிற வேலையில் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். இந்த ஊரும் அவருக்கு ஏற்ற ஊர். ரோட்டைத் தோண்டி, மூடி, மூடிய இடத்தில் மரம் நட்டு, அந்த மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டு மறுபடி தோண்டுகிற ஊர். லிட்டில் இந்தியாவுக்கு அடியில் அவர் இரவெல்லாம் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், கிட்டத்தட்ட நேர் மேலே, தேக்கா மார்க்கெட்டில் அவர் மனைவி லீலா விடியற்காலையிலிருந்து உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தார். இவர் வீட்டுக்குள் வர, அவர் வெளியே போக, கதவைப் பூட்ட வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பல வருஷங்களுக்கு இருவருக்கும் நடந்த முழுப் பேச்சு. அப்படியும் திவ்யதர்ஷினி என்று ஒரு பெண் பிறந்தாள். எப்படி என்று கேட்டால், பொது விடுமுறை என்று ஒன்று இருக்கிறதே என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு வந்தது வினை. லீலாவும் அதற்குள் விடியற்காலைக் கடையை விட்டு, வெயிலேறித்தான் தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் யார் என்று லீலாவுக்குத் தெரியவில்லை, மனைவியிடம் என்ன பேசுவது என்று அண்ணாதுரைக்கும் தெரியவில்லை. அவரிடம் பேச ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. லீலாவின் தம்பி கல்யாணம் காத்தோங்கில், சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலில் நடந்தது. அது கார் நிறுத்தும் கட்டணத்துக்குக் கூப்பன் கிழித்துக் காருக்குள் வைக்கிற காலம். குடும்பப் போட்டோ எடுக்கப் போகிற நேரத்தில், மாமனார் காருக்குக் கூப்பன் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மூத்த மாப்பிள்ளை என்ற பொறுப்போடு அண்ணாதுரை கீழே ஓடினார். அவர் கூப்பனைக் கிழித்து வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் போட்டோ எடுத்து முடித்து, எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போட்டோவில் தூரத்துச் சொந்தம் எல்லாம் இருக்கிறது, கோயிலுக்குச் சும்மா வந்த ஒருவர்கூட இருக்கிறார். அண்ணாதுரை இல்லை. இது நடந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், காரும் போய்ச் சேர்ந்துவிட்டது, கூப்பனே வழக்கொழிந்து எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டது. அண்ணாதுரை மட்டும் தினம் காலை காப்பிக் குவளையை வைத்ததும், “ஆனாலும் உங்க வீட்டு ஆளுங்க அன்னைக்கு என்னைய ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்” என்று ஆரம்பிப்பார்.

லீலா முதலில் சமாதானம் சொன்னார். பிறகு தம்பியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த மன்னிப்பு சரியான தொனியில் இல்லை என்று அதையும் சேர்த்துக் கிளற ஆரம்பித்தார் மனிதர். கடைசியில் லீலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து சொன்னார். “இங்க பாருங்க, இன்னொரு தடவ அந்தப் போட்டோவக் கிளறுனீங்கன்னா நான் ஜூரோங்குக்குப் போயிருவேன். சும்மா மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க. திவ்யா வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு.” லீலா மிரட்டுகிற ஜாதி இல்லை என்பது புளோக்கில் எல்லோருக்கும் தெரியும். கொதிக்கிற எண்ணெயின் முன்னால் வாழ்நாள் முழுக்க நின்றவர்கள் வீணாகச் சத்தம் போடுவதில்லை. அண்ணாதுரைக்கும் பயம் வந்தது. வாயை மூட வேண்டுமானால் கைக்கு வேலை வேண்டும் என்று, தோட்டக் குழுவிடம் கேட்டுக் கீழே ஒரு பாத்தி வாங்கிக்கொண்டார்.

பாத்தியில் என்ன போடுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடைக்கு வருகிற உருளைக்கிழங்கு வரவரத் தண்ணீராக இருக்கிறது, கறிபாப் உள்ளே சொதசொதவென்று போகிறது என்று லீலா ஒருநாள் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாதுரை அதைக் காதில் வாங்கி வைத்திருந்தார். ஆகவே உருளைக்கிழங்கு. சிங்கப்பூர் வெக்கையில் உருளைக்கிழங்கு இலை விடுமே தவிரக் கிழங்கு விடாது என்று தோட்டக் குழுவில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கிற ஆளா? பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாத மனிதர், மண்வெட்டியால் சொல்லக் கிளம்பினார். தினம் காலை இறங்கிப் போய்ப் பாத்தியைக் கொத்துவார். கொத்தியதைப் புரட்டுவார். புரட்டியதைச் சலித்து மறுபடி கொத்துவார். நேற்று ஊன்றிய கிழங்கு முளைத்ததா என்று இன்று தோண்டிப் பார்ப்பார். சுரங்கத்தில் தினம் எத்தனை மீட்டர் முன்னேறினோம் என்று கேட்டுக்கேட்டுப் பழகிய மனம், ஒரே இடத்தில் நின்று தோண்டினாலும் முன்னேறுவதாகவே நினைத்தது.

முதலில் போனவை மண்புழுக்கள். ஒரு மழைக்காலக் காலையில் அவை பாத்தியை விட்டு வரிசையாகக் கிளம்பி, கூரை போட்ட நடைபாதை வழியாகவே போய், ரோட்டோரத்தில் நின்று, சிக்னலில் பச்சை மனிதன் எரிந்ததும் கடந்து, எதிர் புளோக்குத் தோட்டத்தில் குடியேறின. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். ஒரு புழுகூடச் சிவப்பில் கடக்கவில்லை. அதற்கப்புறம் மண்ணில் ஈரம் நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றினால் ஒன்று வழிந்து ஓடும், இல்லையென்றால் மேலே பாலாடையாய்க் காய்ந்து வெடிக்கும். அண்ணாதுரை அந்த வெடிப்பைக் கண்டு இன்னும் ஆழமாகக் கொத்தினார். மண் நாளுக்கு நாள் எடை குறைந்து, மண்வெட்டியில் அள்ளினால் அள்ளியது போலவே இல்லை என்று அவரே சொன்னார். மண் இளகி வருகிறது என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் கொத்திவிட்டு மேலே வந்தவர், காப்பியைக் குடித்துவிட்டு, வாய் தவறி, “ஆனாலும் உங்க வீட்டு ஆளுங்க” என்று ஆரம்பித்துவிட்டார். லீலா நாற்காலி மேல் ஏறி அலமாரியின் உச்சியிலிருந்து சக்கரப் பெட்டியை இறக்கினார். பெட்டி தரையில் பட்ட அதே நேரத்தில்தான் கீழே மண் தரையை விட்டது என்று, இரண்டையும் ஒரே சமயம் பார்க்கக்கூடிய எதிர் புளோக்குக்காரர்கள் சொல்கிறார்கள். மண் வேறெங்கும் போகவில்லை. நேரே லீலாவின் அடுப்படி ஜன்னலுக்கு வந்தது. கிளறுபட்டுக் கிளறுபட்டு ஓய்ந்துபோன இரண்டு பேர், மண்ணும் லீலாவும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லீலா சேலையை மடித்து வைப்பதை நிறுத்திவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை மண்ணின் மேல் வீசினார். பாவம், அது மொத்தத்தையும் குடித்துவிட்டது.

லீலா அன்றைக்கே போயிருப்பார். ஆனால் திவ்யா வீட்டு அறையில் ஏர்கான் கெட்டுக் கிடந்தது. வாழ்நாள் முழுக்க எண்ணெய்ச் சூட்டில் நின்றாயிற்று, இனி ஏர்கான் இல்லாத அறையில் படுப்பதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார். இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் சொன்ன நேரத்துக்கு நடத்திவிடலாம், ஏர்கான் பொருத்துகிறவர் வருவது மட்டும் யார் கையிலும் இல்லை. அடுத்த வாரம் என்றார், அதற்கடுத்த வாரம் என்றார். பெட்டி பாதி நிரம்பியபடி வாசல் கதவருகே நின்றது. அண்ணாதுரை போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது.

மண்ணைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். பொது நடைவழியில் தொட்டி வைக்க இவ்வளவு இடம்தான் என்று விதி இருக்கிறது. ஆனால் மண் நடைவழியில் இல்லை, தொட்டியிலும் இல்லை. வெறும் காற்றில் மண் நிற்பதைத் தடுக்கும் விதி எதையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு பக்கமும் அளந்து, படம் எடுத்து, கொசு முட்டையிட வாய்ப்பில்லை என்று உறுதி செய்துகொண்டு, கீழே நாலு மொழியிலும் ஓர் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்திலும் சீனத்திலும் மலாயிலும், மண்ணுக்குக் கீழே நிற்க வேண்டாம் என்று சரியாகவே எழுதியிருந்தது. தமிழில் மட்டும் எப்படியோ, ‘மண்ணுக்குக் கீழே நிற்கவும்’ என்று வந்திருந்தது. தமிழர்கள் கட்டுப்பாடானவர்கள், நின்றார்கள். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் சற்று நேரம் பலகைக்கு மரியாதையாக நின்றுவிட்டே லிஃப்ட்டுக்குப் போனார்கள்.

இதற்குள் அண்ணாதுரை சும்மா இருந்தாரா? துணி காயப்போடும் மூங்கில் கம்பின் நுனியில் களைக்கொத்தைக் கட்டி, ஜன்னல் வழியாக நீட்டிக் கொத்தப் பார்த்தார். மண் ஒரு சாண் பின்னால் போயிற்று. இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டினார், அது இன்னொரு சாண் போயிற்று. கோபத்தில் அன்று மாலை போட்டோ கதையை முழுசாக, கூப்பன் நிறம் உட்பட, சுவரைப் பார்த்துச் சொல்லித் தீர்த்தார். மண் ஒரு மாடி ஏறி ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. ஐந்தாம் மாடியில் அஹ்சன் குடியிருந்தார், புதிதாகக் கல்யாணமானவர். அவர் படி இறங்கி வந்து கதவைத் தட்டி மரியாதையாகத்தான் கேட்டார். “அங்கிள், இன்னைக்கு போட்டோ பத்திப் பேசுனீங்களா? எங்க கிச்சன்ல வெளிச்சமே இல்ல லா. துணியும் காயமாட்டேங்குது.” அண்ணாதுரைக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. ராத்திரி வாயை மூடிக்கொண்டு படுத்தார், காலையில் மண் மறுபடி நான்காம் மாடிக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் புளோக்கில் யாரும் அவர் வீட்டுச் சங்கதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், இன்றைக்கு மனிதர் கிளறினாரா இல்லையா என்று உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தோட்டக் குழுத் தலைவர் முகைதீனுக்கு பஃப்பலோ ரோட்டில் காய்கறிக் கடை. அவர் மேட்டுப்பாளையத்தில் தனக்குத் தெரிந்த ஒரு கிழங்கு வியாபாரியிடம் சங்கதியைச் சொல்லி யோசனை கேட்டார். மண் எழுந்து நிற்கிறது என்பதை அந்த ஆள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, அவருக்கு மலைச்சரிவு பழக்கம். வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினார். முகைதீன் அதைக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் வைத்துக் குழு மொத்தத்துக்கும் போட்டுக் காட்டினார். “கொத்தக் கொத்த மண்ணு செத்துப் போயிருமுங்க. புழு போயிரும், ஈரம் போயிரும். உழுகாதீங்க, கிளறாதீங்க. கெழங்க மண்ணு மேல அப்படியே வெச்சு, மேல சருகப் போட்டு மூடீருங்க. சருகு மக்கி மண்ணு தானா பொலபொலன்னு ஆயிரும். செடி ஒரு சாண் வந்ததுமுங்க, மண்ண நல்லா அணைச்சு விட்ருங்க. அவ்வளவுதானுங்க.”

கிளறக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. சிலர் அண்ணாதுரையைத் திரும்பிப் பார்க்கவும் செய்தார்கள். சருகும் பிரச்சினை இல்லை, ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரங்கள் வேண்டிய மட்டும் கொட்டுகின்றன. கடைசி வாசகத்தில்தான் குழு நின்றது. அணைச்சு விடுவது என்றால்? குழுவின் செயலாளர் சிவகாமசுந்தரி, பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர், இலக்கணத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அணைத்தல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்றார். விளக்கை அணைப்பது ஒன்று, தழுவுவது இன்னொன்று. மண்ணில் ஸ்விட்ச் கிடையாது என்பதால் இங்கே தழுவுதல்தான் பொருந்தும். முகைதீனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் தமிழ் டீச்சரிடம் தமிழில் தர்க்கம் பண்ணுகிற தைரியம் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? யார் தழுவுவது என்ற கேள்வி எழுந்தது. பாத்தி யார் பேரில் இருக்கிறதோ அவரே எல்லாப் பணியையும் செய்ய வேண்டும் என்பது குழுவின் விதி. அப்படியே தீர்மானம் ஆயிற்று.

விதைக்கிழங்குக்கு முகைதீன் தன் கடையில் முளை விட்டுப்போன கிழங்குகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். லீலா அவற்றை மூங்கில் கம்பின் நுனியில் ஒவ்வொன்றாக வைத்து நீட்டி மண்ணின் மேல் இறக்கினார். அவர் நீட்டும்போது மண் கிட்டே வந்தது, அதையும் அண்ணாதுரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சருகை ஐந்தாம் மாடியிலிருந்து அஹ்சன் தூவினார். அப்புறம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது அண்ணாதுரைக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லி மாளாது. கை நமநமவென்றது. போட்டோ கதை தொண்டை வரைக்கும் வரும், ஜன்னலுக்கு வெளியே மண் லேசாக ஆடும், விழுங்கிக்கொள்வார். பேசுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது என்பதால் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்தச் சத்தமில்லாத வீட்டில் ஒருநாள், லீலா மாவு பிசையும்போது வலது தோளைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார் என்பதை முதல்முறையாகக் கவனித்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இது எத்தனையோ வருஷமாக வலிக்கிறது என்றார் லீலா. மறுநாளிலிருந்து மாவு பிசைவது அண்ணாதுரை வேலையாயிற்று. அதிகம் கிளறாமல் பிசையுங்கள், மாவு இறுகிவிடும் என்று மட்டும் லீலா சொன்னார்.

சருகு மக்கியது. மேலே வெயில் அடித்தாலும் உள்ளே மண் குளிர்ந்து கிடந்தது. மண்புழுக்கள் எதிர் புளோக்கிலிருந்து திரும்பி வந்தன, இந்த முறை லிஃப்ட்டில். உள்ளே வந்த ஒருவர் அவற்றுக்காக நாலாம் எண்ணை அழுத்தியதாகச் சொல்கிறார். சருகைத் துளைத்துக்கொண்டு இலை வந்தது. இலை தண்டாகி, தண்டு ஒரு சாண் உயரம் வந்தது. அன்றைக்குப் பார்த்து ஏர்கான்காரரும் வந்து வேலையை முடித்துவிட்டார்.

திவ்யதர்ஷினி அம்மாவை அழைத்துப் போகக் காரோடு வந்தாள். லீலா அடுப்படியை ஒருமுறை துடைத்து, கேஸை மூடி, பெட்டியின் பிடியை இழுத்து நிமிர்த்தினார். அண்ணாதுரை ஜன்னலருகே நின்றார், இன்று மண்ணை அணைக்க வேண்டிய நாள், குழுவினர் கீழே பலகைப்படி மண்ணுக்கு நேர் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்பா, கார் சாமான் எறக்குற லோடிங் பேல நிக்குது, சம்மன் அடிச்சிருவான். நீங்க கொஞ்சம் கீழ போய் நில்லுங்கப்பா” என்றாள் திவ்யா. அண்ணாதுரையின் கால் பழக்கத்தில் வாசலை நோக்கி இரண்டடி வைத்தது. பெட்டியருகே வந்ததும் நின்றார். லீலாவும் நின்று அவரைப் பார்த்தார். “நீ போய் நில்லும்மா. எனக்கு இங்க வேலையிருக்கு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவர் ஜன்னலுக்குத் திரும்பி இரண்டு கையையும் வெளியே நீட்டினார்.

மண் வரவில்லை. ஒரு கை தூரத்தில் தயங்கி நின்றது. அதன்மேல் தப்பில்லை. அந்தக் கைகள் அதுவரை எதையும் தோண்டாமல் தொட்டதில்லை. நம் ஆட்களும்தான் என்ன, சாங்கி விமான நிலையத்தில் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதுகூடப் பெட்டியின் எடையைப் பற்றிப் பேசியே நேரத்தைக் கடத்துகிறவர்கள். அண்ணாதுரை கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார். “எப்படி அணைக்கிறதுன்னு தெரியல லீலா. கொஞ்சம் காட்டேன்.”

லீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் மட்டும் எங்க போய்க் கத்துக்கிட்டேன்?” என்றார்.

எதிர் புளோக்கில் துணி எடுக்க வந்தவர்கள் மீதியைச் சொன்னார்கள். முதலில் லீலாவின் கைப்பை நடுவில் மாட்டிக்கொண்டது. அதை இறக்கி வைத்தார்கள். அப்புறம் அண்ணாதுரையின் முழங்கை எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் இருந்தது. ஒருவழியாகச் சரியாகி, இரண்டு பேரும் சுரங்கத்துக்கும் கறிபாப்புக்கும் நடுவில் போன வருஷங்களை எல்லாம் சேர்த்து அழுதார்கள் என்று தோன்றுகிறது, தோள்கள் குலுங்கியதைத்தான் பார்க்க முடிந்தது. அவர்கள் விலகுவதற்குள் மண் தானாகக் கிட்டே வந்து ஜன்னல் கம்பியில் சாய்ந்துகொண்டது. கை ஈரம் காயுமுன் அண்ணாதுரை அதை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தார், செடிகள் அவர் முகவாயில் உரசின. கீழே குழு கைதட்டியது. திவ்யாவின் காருக்கு அபராதச் சம்மன் வந்தது. செடி தலை நிமிரும் மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்று லீலா மகளை அனுப்பி வைத்தார். பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை, அது வாசலிலேயே நின்றது.

தினம் காலை அண்ணாதுரை மண்ணை அணைத்தார். செடி பூத்தது, பூ வாடியது. வெக்கையில் கிழங்கு விடாது என்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணின் அடிப்பக்கத்தில் கிழங்குகள் ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டின. தோண்ட வேண்டிய வேலையே இல்லை. முற்றியது தானே கழன்று விழுந்தது. மற்றவர்கள் எல்லாம் பலகையைப் படித்து ஒதுங்கி நடக்க, கீழே நிற்கவும் என்று படித்த தமிழர்களின் மேல்தான் விழுந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்துகூட ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் குடையோடு வந்து, குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தமிழ் தெரிந்திருப்பதால் ஒரு லாபம் கிடைத்தது என்று பெற்றோர் பிள்ளைகளிடம் காட்டிச் சொன்னார்கள்.

முகைதீன் படம் எடுத்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார். அந்த வியாபாரி கட்டிக்கொண்டு நிற்கும் அண்ணாதுரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் குரல் செய்தி போட்டார். அணைக்கிறது என்றால் சுற்றியிருக்கிற மண்ணைக் கூட்டிச் செடியின் அடியில் ஏற்றி விடுவது, இதுகூடத் தெரியாதா என்றார். குழு மறுபடி கல்மேசையில் கூடியது. சிவகாமசுந்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, அது அங்கத்திய வழக்கு, நம் தட்பவெப்பத்துக்கு நம் பொருளே சரி என்றார். குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

அறுவடை உச்சத்தில் இருந்தபோது ஒரு பத்திரிகையிலிருந்து போட்டோக்காரர் வந்தார். குழுவை மண்ணுக்குக் கீழே வரிசையாக நிறுத்தினார். முகைதீன் நடுவில் கிழங்குக் கூடையோடு, சிவகாமசுந்தரி பக்கத்தில், அஹ்சனும் மனைவியும் ஓரத்தில், குடையோடு வந்த யார் யாரோ பின்னால். எடுத்தார், நன்றி சொன்னார், அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அவர் போன பிறகுதான் யாரோ கேட்டார்கள், அண்ணாதுரை எங்கே என்று.

அண்ணாதுரை மேலே இருந்தார். மண்ணை அணைத்தபடி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. யாரும் அவரை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

அஹ்சன் ஓடிப்போய் மேலே துணிகளை எடுக்க ஆரம்பித்தார். முகைதீன் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, மண் எத்தனை மாடி போகும் என்று கணக்குப் போடுகிறவர் போலப் பன்னிரண்டாம் மாடி வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். சிவகாமசுந்தரி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுப்படியில் கிழங்கு வேகிற சட்டியின் முன்னால் லீலா கரண்டியோடு அசையாமல் நின்றார். அவரும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாசலில் பெட்டி நின்றது. அண்ணாதுரை வாயைத் திறந்தார். மண் அவர் கைக்குள் விறைத்துக்கொண்டதை அவர் உணர்ந்திருக்க வேண்டும், தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“கெழங்கு வெந்துருச்சா?” என்றார்.

லீலா கரண்டியால் ஒரு கிழங்கை அழுத்திப் பார்த்தார், அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “வெந்துருச்சு. தோலுரிக்கணும், கையக் கழுவிட்டு வாங்க” என்றார்.

மண் அங்கேயேதான் இருக்கிறது. முன்பைவிட ஒரு சாண் கீழே, ஜன்னலுக்கு இன்னும் வசதியாக. பருவத்துக்குப் பருவம் சருகு போடுகிறார்கள், கிழங்கு விழுகிறது, அதிகாரிகள் பலகையைத் துடைத்து வைக்கிறார்கள். தமிழ் வாசகத்தைத் திருத்த வந்தபோது ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. திவ்யாவின் அறையில் ஏர்கான் ஓட ஆளில்லை. சக்கரப் பெட்டியை லீலா மறுநாளே காலி செய்து, கிழங்கை அதில் நிரப்பி, எம்ஆர்டியில் தேக்காவுக்கு உருட்டிப் போனார். இப்போதும் அப்படித்தான் போகிறார், கூட அண்ணாதுரை மாவுத் தூக்கோடு. கறிபாப் உள்ளே சொதசொதப்பு போய்விட்டது என்று வாடிக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பத்திரிகையில் வந்த படத்தை லீலா கடையில் எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறார். குழு முழுக்க அதில் இருக்கிறது. படத்தின் மேல் ஓரத்தில் மண்ணும், அதைச் சுற்றிக் கோத்த இரண்டு கைகளும், முழங்கை வரைக்கும் மட்டும் தெரிகின்றன. அது யார் என்று யாராவது கேட்டால், லீலா கறிபாப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்கிறார்:

“எங்க வீட்டுக்காரர். நல்லாத் தெரியிறார்ல?”